பலகையை மட்டும் நம்பாதீர்கள்: மறைசாட்சி அரசர்களின் ஆங்கிலத் தேவாலயங்களை அடையாளம் காணும் வழி

இங்கிலாந்தின் கிராமங்களில் 'புனித ஆஸ்வால்ட்', 'புனித எட்மண்ட், அரசர், மறைசாட்சி' என்று பலகை மாட்டிய தேவாலயங்கள் நிறைய உண்டு. கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை போரிலும் சதியிலும் கொல்லப்பட்ட ஆங்கிலோ-சாக்சன் அரசர்களும் இளவரசர்களும் இவர்கள். அங்கே படிக்கப் போனவர்களும் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களும் பலகையைப் படம் பிடித்துக்கொண்டு, "ஆயிரம் வருடப் பழைய ஆலயம்" என்று எழுதிவிடுகிறார்கள். பல நேரம் அது தவறு. பெயர் ஒரு நூற்றாண்டில் வந்திருக்கும், கட்டடம் வேறொரு நூற்றாண்டில் எழுந்திருக்கும், அந்த அரசர் அந்த ஊர்ப் பக்கமே வந்திருக்க மாட்டார். இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரை.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விசுவாசத்தை மறுக்காததால் கொல்லப்பட்டவர்கள் என்ற பொருளில் இவர்களில் பலர் மறைசாட்சிகள் அல்லர். இங்கிலாந்து அரசர் எட்வர்ட் அரண்மனைச் சதியில் இறந்தார். மெர்சிய அரச குடும்பத்து விஸ்டன் சொந்த உறவினர் கையால் இறந்தார். அநியாயமாகச் சிந்திய அரச ரத்தம், கல்லறையில் நடந்ததாகப் பேசப்பட்ட அற்புதங்கள், உடலை வைத்திருந்த மடத்தின் ஆதரவு ஆகியவை சேர்ந்தால் அன்று ஒருவர் புனிதராகிவிடுவார். ரோமில் திருத்தந்தை முறைப்படி புனிதர் பட்டம் வழங்கியதற்குக் கிடைக்கும் முதல் சான்றே 993ஆம் ஆண்டைச் சேர்ந்ததுதான். எனவே வத்திக்கான் ஆவணத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தேட வேண்டியதெல்லாம் உள்ளூரில்தான் இருக்கிறது.

படி 1: திருநாளை மனப்பாடம் செய்யுங்கள்

ஆளின் பெயரைவிட அவருடைய திருநாள்தான் இந்தத் தேடலின் சாவி. பெயர் பலருக்குப் பொதுவாக இருக்கும், நாள் அப்படி இருக்காது. முதலில் இந்த ஏழு பேர் போதும். (நார்தம்பிரியா, மெர்சியா, கிழக்கு ஆங்கிலியா ஆகியவை அன்றைய ஆங்கிலோ-சாக்சன் அரசுகள்.)

- ஆஸ்வால்ட், நார்தம்பிரியா அரசர். 642இல் மேசர்ஃபீல்டு போரில் மெர்சியாவின் பென்டாவிடம் வீழ்ந்தார். ஆகஸ்ட் 5.
- எதெல்பெர்ட், கிழக்கு ஆங்கிலியா அரசர். 794இல் மெர்சிய அரசர் ஆஃபாவின் ஆணைப்படி தலை வெட்டப்பட்டார். மே 20.
- ஆல்க்மண்ட், நார்தம்பிரியா இளவரசர். 800 வாக்கில் கொல்லப்பட்டார். மார்ச் 19.
- கெனெல்ம், மெர்சிய இளவரசர். 9ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஜூலை 17.
- விஸ்டன், மெர்சிய அரச குடும்பம். 849. ஜூன் 1.
- எட்மண்ட், கிழக்கு ஆங்கிலியா அரசர். 869இல் டேனியப் படையால் கொல்லப்பட்டார். நவம்பர் 20.
- எட்வர்ட், இங்கிலாந்து அரசர். 978இல் டார்செட்டின் கார்ஃபில் கொலை. மார்ச் 18.

எட்மண்டின் ஆண்டைச் சில நூல்கள் 870 என்று சொல்லும். ஆங்கிலோ-சாக்சன் நாளாகமம் என்ற பழைய ஆண்டுக் குறிப்பேட்டின் அந்தப் பகுதியில் ஆண்டு இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதனால் நம் கணக்கில் 869 நவம்பரில் நடந்தது அங்கே 870இன் கீழ் பதிவாகியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளும் ஒரே சம்பவத்தைத்தான் குறிக்கின்றன.

திருநாளிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று இறந்த நாள். இன்னொன்று உடலையோ எலும்பையோ வேறிடத்துக்கு மாற்றிவைத்த நாள். எட்மண்டுக்கு ஏப்ரல் 29, எட்வர்டுக்கு ஜூன் 20 இப்படி வந்தவை. பழைய ஆவணத்தில் இந்த நாள்களைக் கண்டால், 'பொருந்தவில்லை' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 2: ஒரே பெயர்க்காரர்களைப் பிரியுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

எட்மண்ட் என்ற பெயரில் அரசர் ஒருவர், கேன்டர்பரி பேராயராக இருந்து 1240இல் இறந்த அபிங்டன் எட்மண்ட் இன்னொருவர். பேராயரின் திருநாள் நவம்பர் 16. அரசருடையது நவம்பர் 20. நான்கே நாள் இடைவெளி என்பதால் 'நவம்பரில் திருவிழா' என்ற தகவல் எதற்கும் உதவாது, தேதியே வேண்டும். சால்ஸ்பரியில் 1269இல் நிறுவிய புனித எட்மண்ட் ஆலயம் பேராயருக்கானது.

ஆஸ்வால்டிலும் இருவர். வூஸ்டர் ஆயராகவும் யார்க் பேராயராகவும் இருந்து 992இல் இறந்தவருக்கு பிப்ரவரி 28. வூஸ்டரைச் சுற்றியுள்ள ஊர்களில் 'ஆஸ்வால்ட்' என்று கண்டால் அரசரென்று முடிவு கட்டும் முன் இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

எட்வர்டுகள் இன்னும் சிக்கல். கார்ஃபில் இறந்தவர் ஒருவர். 1066இல் படுக்கையில் இறந்து, 1161இல் புனிதர் பட்டம் பெற்ற 'கன்ஃபெஸர்' (கொல்லப்படாமல், வாழ்ந்த விதத்தால் புனிதரானவர்) எட்வர்ட் இன்னொருவர், திருநாள் அக்டோபர் 13. பின்னவர் புகழ் ஓங்கிய பிறகு, முன்னவரின் ஆலயங்கள் சில சத்தமில்லாமல் அவர் கணக்கில் போய்விட்டன. காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியின் ஸ்டோ-ஆன்-த-வோல்ட் ஊரில் உள்ள புனித எட்வர்ட் ஆலயம் யாருடையது என்பது இன்றும் வாதத்துக்குரியது.

எதெல்பெர்ட் என்றால் 616இல் இறந்த கென்ட் அரசரும் உண்டு. அவர் கிறிஸ்தவத்தை ஏற்ற முதல் ஆங்கில அரசர், மறைசாட்சி அல்லர். ஆல்க்மண்ட் பெயரில் ஹெக்ஸம் ஆயர் ஒருவரும் இருக்கிறார், அவருக்கு செப்டம்பர் 7.

கடைசியாக, 'அரசர், மறைசாட்சி' என்ற பட்டத்தைப் பார்த்தவுடன் இடைக்காலம் என்று எண்ணிவிட வேண்டாம். 1649இல் தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லஸுக்கும் அதே பட்டம்தான். ஃபால்மத், டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஆகிய ஊர்களில் அவர் பெயரால் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயங்கள் உண்டு.

படி 3: அந்தப் பெயர் அங்கே ஏன் வந்தது?

ஆள் யார் என்று தெரிந்ததும், அவருக்கும் ஊருக்கும் என்ன உறவு என்று கேளுங்கள். விடை பெரும்பாலும் கீழ்க்கண்டவற்றில் ஒன்றாக இருக்கும்.

அவர் இறந்த இடமாக இருக்கலாம். மேசர்ஃபீல்டு என்பது ஷ்ராப்ஷயரின் ஆஸ்வெஸ்ட்ரிதான் என்று பலர் ஏற்கிறார்கள். அங்கே பங்கு ஆலயமும் ஊற்றும் ஆஸ்வால்ட் பெயரிலேயே இருக்கின்றன.

உடல் வைக்கப்பட்ட இடமாக இருக்கலாம். விஸ்டனுக்கு ரெப்டன், எதெல்பெர்டுக்கு ஹெரஃபர்ட், எட்மண்டுக்கு பெரி செயின்ட் எட்மண்ட்ஸ், ஆல்க்மண்டுக்கு டார்பி. ஆஸ்வால்டின் உடல் மட்டும் ஒரே இடத்தில் இல்லை. பென்டா தலையையும் கைகளையும் வெட்டிக் கழுவில் மாட்டினான். ஓராண்டு கழித்துத் தம்பி ஆஸ்வியு அவற்றை மீட்டு, தலையை லிண்டிஸ்ஃபார்னுக்கும் கைகளை பேம்பரோவுக்கும் கொண்டுபோனார். எஞ்சிய உடல் லிங்கன்ஷயரின் பார்ட்னி மடத்துக்குப் போய், 909இல் அங்கிருந்து குளோஸ்டருக்கு மாறியது. தலை லிண்டிஸ்ஃபார்ன் ஆயர் புனித கத்பர்ட்டின் பேழைக்குள் டர்ஹம் வந்து சேர்ந்தது. ஆகவே இந்த ஊர்களில் எதிலாவது 'எங்களிடம்தான் ஆஸ்வால்ட்' என்று சொன்னால் முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

உடல் வழியில் தங்கிய இடமாக இருக்கலாம். எசெக்ஸின் கிரீன்ஸ்டெட் மரத் தேவாலயத்தில் 1013இல் எட்மண்டின் உடல் தங்கியது என்பது மரபு. இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஆலயம் புனித அந்திரேயாவின் பெயரில் இருக்கிறது, எட்மண்ட் பெயரில் இல்லை. அதன் புகழ்பெற்ற மரச் சுவரை மர வளைய ஆய்வு 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு அருகில் வைக்கிறது. மரபு உண்மையானாலும், இன்று நாம் தொடும் மரம் அன்று சுவராக இருந்திருக்காது.

நிலவுடைமை காரணமாக இருக்கலாம். நார்விச் அருகே கேஸ்டர் செயின்ட் எட்மண்ட் என்ற ஊரின் பெயரில் புனிதர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், அந்த நிலம் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துக்குச் சொந்தமாக இருந்தது. கிழக்கு ஆங்கிலியாவில் மடத்தின் சொத்துப் பட்டியலையும் எட்மண்ட் ஆலயங்களின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் எதையும் எழுதக் கூடாது.

நேர்மாறாகவும் நடக்கும். 633இல் ஹாட்ஃபீல்டு சேஸில் வீழ்ந்த எட்வின் அரசரின் பெயர் ஷெர்வுட் காட்டின் எட்வின்ஸ்டோ என்ற ஊர்ப்பெயரில் இருக்கிறது. அங்குள்ள ஆலயமோ மரியாவுக்குரியது. பலகையை மட்டும் பார்த்தால் இந்த ஊர் கண்ணில் படாது.

படி 4: ஆவணத்தில் நாளைப் பிடியுங்கள்

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருச்சபை ரோமைவிட்டுப் பிரிந்த சீர்திருத்தக் காலத்துக்குப் பிறகு எண்ணற்ற கிராம ஆலயங்கள் தங்கள் பாதுகாவலர் பெயரை மறந்தன. 18ஆம் நூற்றாண்டில் பிரவுன் வில்லிஸ் போன்ற பழம்பொருள் ஆர்வலர்கள் பெயர்களைத் திரட்டிப் பட்டியலிட்டார்கள். அந்த வேலையில் ஊகமும் கலந்துவிட்டது. ஊரின் பழைய திருவிழா நாளைப் பார்த்து, அதற்கு ஏற்ற புனிதரை ஒட்டவைத்ததும் உண்டு. எனவே 1700க்குப் பிந்தைய பட்டியலை முடிவாகக் கொள்ளாதீர்கள், துப்பாகக் கொள்ளுங்கள்.

1540க்கு முந்தைய உயில்கள்தான் சிறந்த சான்று. இறப்பவர் முதல் வரிகளிலேயே, "இன்ன புனிதரின் ஆலய முற்றத்தில் என் உடலைப் புதைக்கவும்" என்று எழுதுவது வழக்கம். நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களில் 15ஆம் நூற்றாண்டு உயில்கள் ஏராளமாகத் தப்பியிருக்கின்றன. மாவட்ட ஆவணக் காப்பகத்தின் அட்டவணையில் ஊர்ப்பெயரைத் தேடினால் போதும். ஒரு ஊருக்கு இரண்டு மூன்று உயில்களாவது பாருங்கள். ஊரில் இரண்டு ஆலயங்கள் இருந்தாலோ எழுத்தர் கைதவறியிருந்தாலோ ஒற்றை உயில் ஏமாற்றிவிடும்.

அடுத்தது சந்தைச் சாசனம். அரசர் ஊர்த்தலைவருக்கு ஆண்டுச் சந்தை உரிமை தரும்போது, 'புனிதரின் திருநாளுக்கு முந்தைய நாள், திருநாள், மறுநாள்' என்று மூன்று நாள் குறிப்பது வழக்கம். அந்தப் புனிதர் பெரும்பாலும் ஆலயத்தின் பாதுகாவலர். பெரும்பாலும்தான், எப்போதும் இல்லை. பக்கத்து ஊர்ச் சந்தையோடு மோதாமல் இருக்க வேறு நாளைத் தேர்ந்தவர்களும் உண்டு.

பிற்கால நாள்காட்டியில் இரண்டு குழிகள் இருக்கின்றன. முதலாவது, 1536இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் ஆலய அர்ப்பண விழாக்கள் எல்லாம் அக்டோபர் முதல் ஞாயிறுக்கு மாற்றப்பட்டன. அதனால் ஊர்த்திருவிழா அக்டோபர் தொடக்கத்தில் வந்தால் அதிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. இரண்டாவது, 1752இல் கிரகோரியன் நாள்காட்டிக்கு மாறியபோது செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது. 11 நாள் காணாமல் போக, பல சந்தைகள் பழைய பருவத்தை விடாமல் 11 நாள் தள்ளி நடந்தன. எனவே 19ஆம் நூற்றாண்டுக் கையேடு ஒன்றில் சந்தை நாள் ஆகஸ்ட் 16 என்றிருந்தால், 11ஐக் கழித்துப் பாருங்கள்: ஆஸ்வால்டின் ஆகஸ்ட் 5 வரும். அதே கணக்கில் ஜூலை 28 கெனெல்முக்கும், டிசம்பர் 1 எட்மண்டுக்கும், மே 31 எதெல்பெர்டுக்கும் பொருந்தும். இந்த ஒரு கழித்தல் பல புதிர்களை அவிழ்க்கும்.

படி 5: கதையின் வயதைக் கணக்கிடுங்கள்

ஆலயத்தின் விளக்கப் பலகையில் இருக்கும் கதை, சம்பவத்துக்கு எத்தனை ஆண்டு கழித்து எழுதப்பட்டது என்று பாருங்கள். இதற்குக் கெனெல்மைவிட நல்ல பாடம் இல்லை. கதைப்படி அவர் ஏழு வயது பாலகன். தந்தை கோயன்வுல்ஃப் 821இல் இறந்ததும் அரசரானார். பதவி ஆசை கொண்ட அக்கா குவென்த்ரித் அவரைக் கிளென்ட் காட்டில் கொல்லச் செய்தாள். ஒரு புறா அந்தச் செய்தியை ரோமுக்குக் கொண்டுபோய்ப் பீடத்தின் மேல் போட்டது. அக்கா திருப்பாடலைத் தலைகீழாக ஓதிச் சபித்தபோது அவள் கண்களே பெயர்ந்து விழுந்தன. இதை எழுதியது 11ஆம் நூற்றாண்டில். 803 முதல் 811 வரையிலான சாசனங்களிலோ கெனெல்ம் சாட்சிக் கையெழுத்துப் போடும் ஆளாக இருக்கிறார். ஏழு வயது பாலகன் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே எப்படிச் சாட்சி சொல்வான்? தந்தைக்கு முன்பே, வளர்ந்த ஆளாக இறந்திருப்பார் என்பதுதான் பொருத்தம். குவென்த்ரித் உண்மையில் ஒரு மடத்தலைவி. கேன்டர்பரி பேராயரோடு மடச்சொத்துக்காக நீண்ட வழக்கு நடத்தியவர். கதையில் அவர் வில்லியானதில் அந்தப் பழைய பகைக்கும் பங்கு இருக்கலாம்.

எட்மண்ட் இதற்கு எதிர்ப்புறம். மரத்தில் கட்டி அம்பெய்தது, வெட்டுண்ட தலையை ஓநாய் காத்தது, "இங்கே, இங்கே" என்று தலை குரல் கொடுத்தது ஆகியவை 980களில் ஃப்ளூரி மடத்து அபோ எழுதியவை, அதாவது நூறு ஆண்டுக்கும் மேல் பிந்தியவை. ஆனால் அவரைப் புனிதராக வணங்கியதற்குச் சான்று அதைவிட மிக முந்தியது. இறந்து முப்பது ஆண்டுகளுக்குள்ளேயே, அவரைக் கொன்ற டேனியர்கள் ஆண்ட நிலத்தில், 'புனித எட்மண்ட்' என்று பொறித்த வெள்ளிக்காசுகள் புழங்கின. 1840இல் லங்காஷயரின் குவர்டேலில் கிடைத்த புதையலில் இவை சுமார் 1,800 இருந்தன. கதை பிந்தியது என்பதால் வழிபாடும் பிந்தியது என்று முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இந்தக் காசுகளே சாட்சி.

படி 6: நேரில் போய்ப் பார்ப்பது

தேவையானவை: 8 மடங்கு பைனாகுலர், கைவிளக்கு, 5 மீட்டர் அளவுநாடா, பென்சில். ஞாயிறு காலையைத் தவிருங்கள். வழிபாட்டு நேரத்தில் அளவுநாடாவோடு சுற்றினால் வரவேற்பு நன்றாக இருக்காது. பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்ற அறிவிப்பு பெரும்பாலும் தாழ்வாரத்தில் இருக்கும்.

உள்ளே போகும் முன் வெளியே ஒரு சுற்று வாருங்கள். சுவரின் மூலைக்கல் ஒன்று நெட்டாக, அடுத்தது படுக்கையாக மாறி மாறி அடுக்கியிருந்தால் சாக்சன் வேலைக்கு நல்ல அடையாளம். வாசலில் சுவரின் தடிப்பை அளந்து பாருங்கள். சாக்சன் சுவர் உயரமாகவும் மெலிதாகவும், 75 முதல் 90 செ.மீ. வாக்கில் இருக்கும். 1066க்குப் பிந்தைய நார்மன் சுவர் பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தாண்டும். மீன்முள் போலச் சாய்த்து அடுக்கிய கல் மட்டும் தெரிந்தால் மயங்க வேண்டாம், நார்மன்களும் அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

வாழ்நாளில் ஒரே ஒரு ஆலயம்தான் பார்க்க முடியும் என்றால் டார்பிஷயரின் ரெப்டனுக்குப் போகலாம். வில்லிங்டன் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். பீடப்பகுதிக்குக் கீழே சுமார் 5 மீட்டர் சதுரத்தில் ஒரு நிலவறை இருக்கிறது. நான்கு தூண்களிலும் கயிறு முறுக்கியது போன்ற சுருள் செதுக்கல். மெர்சிய அரசர்களின் கல்லறையாக இருந்த இங்கேதான் விஸ்டனையும் புதைத்தார்கள். படிக்கட்டு இரண்டு இருப்பதைக் கவனியுங்கள்: ஒரு வழி இறங்கி மறுவழி ஏறும் பக்தர் கூட்டத்துக்காகப் பின்னர் வெட்டியவை. ஒரு கல்லறை புனிதத் தலமாக மாறியதைக் கட்டடமே காட்டும் அரிய இடம். பிற்காலத்தில் மறந்துபோன இந்த அறை 1779இல் கல்லறைக் குழி தோண்டும்போதுதான் மீண்டும் வெளிப்பட்டது. படிகள் தேய்ந்து வழுக்கும், விளக்கு கையில் இருக்கட்டும்.

எட்வர்டைத் தொடர்ந்து போக டார்செட்டில் ஒரு வழி உண்டு. கார்ஃப், வேரம், ஷாஃப்ட்ஸ்பரி என்ற வரிசையில் போங்கள், உடல் போன வரிசையும் அதுவே. கார்ஃபில் இன்று நிற்கும் கோட்டை இடிபாடு 1066க்குப் பிந்தையது. கொலை நடந்த மாளிகை அது இல்லை. ஊர் ஆலயம் மட்டும் எட்வர்ட் பெயரில் இருக்கிறது. வேரமில் அரச மரியாதை ஏதுமின்றிப் புதைத்தார்கள். 979இல் உடல் ஷாஃப்ட்ஸ்பரி மடத்துக்குப் போனது. மடம் 1539இல் கலைக்கப்பட்டது, அடித்தளம்தான் மிச்சம். 1931இல் அங்கே தோண்டியபோது கிடைத்த எலும்புகள் எட்வர்டுடையவை என்று கருதப்பட்டு, இப்போது சர்ரேயின் புரூக்வுட் கல்லறைத் தோட்டத்து ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தில் இருக்கின்றன. அங்கே தலை வணங்கி நிற்பவர்களுக்கு இது இன்றைய பக்தி, தொல்லியல் இல்லை. அதற்கேற்ப நடந்துகொள்ளுங்கள்.

டார்பியின் புனித ஆல்க்மண்ட் ஆலயத்தைத் தேடிப் போனால் சாலைதான் இருக்கும். 1968இல் நகர்ச்சாலைக்காக அதை இடித்தார்கள். அப்போது கிடைத்த, பின்னல் வேலைப்பாடுள்ள கற்பேழை டார்பி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படி 7: உருவங்களைப் படிப்பது

கிரீடத்தோடு கையில் அம்பு என்றால் எட்மண்ட். உடலெங்கும் அம்பு தைத்தவர் செபஸ்தியாராகவும் இருக்கலாம், கிரீடம் இருக்கிறதா என்று பைனாகுலரில் பாருங்கள். கையில் மோதிரம் கன்ஃபெஸருக்கு, குத்துவாளும் கிண்ணமும் கார்ஃப் எட்வர்டுக்கு. மோதிரம் கவ்விய காக்கை ஆஸ்வால்டுடையது, அந்தக் காக்கை ஜெர்மானியக் கதையிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் ட்சூக் நகரிலும் ஆஸ்திரிய ஊர்களிலும் ஆஸ்வால்ட் ஆலயங்கள் இருப்பதற்கு அந்த மக்கள் அவரைச் சொந்தமாக்கிக்கொண்டதே காரணம். ஆயர் ஒருவர் முடிசூடிய தலையைக் கையில் ஏந்தி நின்றால் ஆயர் கத்பர்ட், தலை ஆஸ்வால்ட்.

கண் பழக, லண்டன் நேஷனல் கேலரியில் வில்டன் இரட்டைப் பலகை ஓவியத்தைப் பாருங்கள். அம்போடு எட்மண்டும் மோதிரத்தோடு கன்ஃபெஸரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். அனுமதி இலவசம்.

கேடயத்தில் மூன்று தங்கக் கிரீடங்கள் இருந்தால் பின்னணி நிறம் முக்கியம். நீலம் என்றால் எட்மண்ட், சிவப்பு என்றால் ஈலி மறைமாவட்டம். நிறம் உதிர்ந்த பழைய மரத்தில் இந்த இரண்டையும் குழப்பாதவர் குறைவு. சஃபோக்கின் சவுத்வோல்டில் இந்தத் தொல்லை இல்லை. மேற்குச் சன்னலுக்கு மேல், "புனித எட்மண்டே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று லத்தீனில் முடிசூடிய எழுத்துகளாகக் கல்லிலேயே பதித்திருக்கிறார்கள். மாலை வெயிலில் நன்றாகத் தெரியும்.

வண்ணக் கண்ணாடிச் சன்னலைப் பார்த்தால் முதலில் அடியில் ஆண்டு தேடுங்கள். பெரும்பாலும் விக்டோரியா காலம் (19ஆம் நூற்றாண்டு). அது அன்றைய பங்குமக்கள் எதை நம்பினார்கள் என்பதற்கு மட்டுமே சான்று. சுவரோவியத்திலும் கவனம் வேண்டும்: வட யார்க்‌ஷயரின் பிக்கரிங்கில் எட்மண்ட் அம்படி படும் பெரிய ஓவியம் 15ஆம் நூற்றாண்டுடையது, ஆனால் 19ஆம் நூற்றாண்டில் நிறையத் தீட்டிச் செப்பனிட்டது. ஆலயமோ பேதுரு, பவுல் பெயரில். ஓவியத்துக்கு ஃபிளாஷ் போடாதீர்கள், விரலும் வைக்காதீர்கள்.

படி 8: குறித்து வைப்பது

ஆலயம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நான்கு ஆண்டுகளை எழுதுங்கள்: அரசர் இறந்தது, அவர் கதை முதலில் எழுதப்பட்டது, இந்த ஆலயத்துக்கு அவர் பெயர் முதலில் ஆவணத்தில் வருவது, இப்போதுள்ள கட்டடத்தின் மிகப் பழைய பகுதி. பிறகு ஒரு தரம் போடுங்கள். 1540க்கு முந்தைய ஆவணம் இருந்தால் 'உறுதி'. சந்தை நாளோ மடத்து நிலமோ மட்டும் பொருந்தினால் 'சாத்தியம்'. 1700க்குப் பிந்தைய பட்டியலைத் தவிர வேறெதுவும் இல்லையென்றால் 'பிற்காலம்'. மூன்றாவது ஆண்டுக்கான இடம் காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள். அதை ஊகத்தால் நிரப்பிவிட்டால், உங்கள் குறிப்பை எடுத்தாளும் அடுத்த ஆளுக்கு அது ஆவணமாகிவிடும்.